அத்தியாயம் 6: ஹெட்லைட்டும் பகல் விளக்கும் – வீட்டு வாசலிலேயே பழுது பார்ப்பது

ஹெட்லைட் எரியவில்லை என்றதும் பெரும்பாலோர் நேரே கடைக்குப் போய்ப் புது பல்பு வாங்கி வருகிறார்கள். மாட்டியதும் எரிந்தால் நிம்மதி. எரியாவிட்டால் இன்னொரு பல்பு, அதுவும் சரிப்படாவிட்டால் அதிக வாட் பல்பு, கடைசியில் எல்இடி என்று செலவு நீண்டுகொண்டே போகும். பல நேரம் குறை பல்பில் இருப்பதே இல்லை. பேட்டரியிலிருந்து மின்சாரம் பல்புக்குப் போகும் வழியிலோ, பல்பிலிருந்து திரும்பும் எர்த் வழியிலோதான் இருக்கும். ஏரி நிறைந்திருந்தாலும் மதகில் சேறு அடைத்திருந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வராது. கடைமடையில் வரப்பை வெட்டி அகலப்படுத்திப் பயனில்லை. எனவே இந்த அத்தியாயம் முழுவதற்கும் விதி ஒன்றுதான்: முதலில் சோதனை, பிறகு செலவு.

திருவள்ளூர் மாவட்டத்துக் கடம்பத்தூர் வட்டாரம் வண்டிகளுக்கும் வண்டி விளக்குகளுக்கும் பழகிய மண். பக்கத்து அதிகத்தூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்துதான் 1998இல் மிட்சுபிஷி லேன்சர் வெளிவந்தது. திருமழிசையை அடுத்த புதுச்சத்திரத்தில், லூகாஸ் டிவிஎஸ்ஸும் ஜப்பானின் கொய்டோவும் சேர்ந்து தொடங்கிய இந்தியா ஜப்பான் லைட்டிங் நிறுவனம் கார்களுக்கான ஹெட்லைட்டுகளையே தயாரிக்கிறது. இருங்காட்டுக்கோட்டையும் ஒரகடமும் வேலைக்குப் போய்வரும் தூரம்தான். ஆனால் இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து மப்பேடு, சுங்குவார்சத்திரம் பக்கத்திலிருந்து வீடு திரும்புகிறவருக்கு வழியெல்லாம் தெருவிளக்கு கிடையாது. பின்விளக்கு இல்லாத டிராக்டர், சாலையில் படுத்திருக்கும் மாடு, கறுப்புச் சட்டையில் சைக்கிள் மிதிக்கும் பெரியவர் என எல்லோரையும் காட்டிக்கொடுக்க வேண்டியது ஹெட்லைட் ஒன்றுதான். அதைச் சரியாக வைத்திருப்பது நம் உயிருக்கு மட்டுமல்ல, எதிரே வருகிறவரின் உயிருக்கும் செய்யும் கடமை.

கையில் இருக்க வேண்டியவை

பெரிய பட்டறை தேவையில்லை. ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், இரண்டு ஒயரோடு கூடிய 12 வோல்ட் டெஸ்ட் லேம்ப், ஸ்க்ரூ டிரைவர், 10 மி.மீ. ஸ்பேனர், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, பழைய டூத் பிரஷ், நைசான உப்புத்தாள், சுத்தமான பருத்தித் துணி, 10, 15 ஆம்பியர் ஃப்யூஸ்கள் சில, ஒரு டார்ச். இவற்றோடு வண்டியோடு வந்த கையேடு அவசியம். ஃப்யூஸ் பெட்டியில் எந்த எண் எதற்கு என்பதை அதில்தான் பார்க்க வேண்டும். பெட்டி மூடியின் உட்புறத்திலும் பெரும்பாலும் அச்சிட்டிருப்பார்கள்.

தொடங்குமுன் நான்கு எச்சரிக்கைகள்

ஒன்று: எரிந்து அணைந்த ஹாலஜன் பல்பு தீய்க்கும். பத்து நிமிடம் ஆறவிடுங்கள்.

இரண்டு: இன்ஜினை நிறுத்திய பிறகும் ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றக்கூடும். கையையும் துப்பட்டா, துண்டு போன்றவற்றையும் அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள்.

மூன்று: மஞ்சள் உறை போட்ட ஒயர் ஏர்பேக்குக்கு உரியது, ஆரஞ்சு உறை போட்டது ஹைப்ரிட், எலக்ட்ரிக் வண்டிகளின் உயர் மின்னழுத்தம். இரண்டையும் வீட்டில் தொடக் கூடாது. ஸ்டியரிங்கின் கீழிருக்கும் காம்பினேஷன் சுவிட்சைக் கழற்ற ஏர்பேக்கைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதால், அதுவும் வீட்டு வேலை அல்ல.

நான்கு: ஜெனான் என்கிற எச்ஐடி விளக்கு எரியத் தொடங்கும் கணத்தில் 20,000 வோல்ட்டுக்கும் மேல் பாயும். உங்கள் வண்டியில் அது இருந்தால், ஃப்யூஸ் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இவை பழுதே அல்ல

பட்டறைக்கு ஓடுவதற்கு முன், வண்டி அப்படித்தான் நடந்துகொள்ளும்படி செய்யப்பட்டதா என்று பாருங்கள். பல மாடல்களில் ஹெட்லைட் போட்டதும் பகல் விளக்கு (டிஆர்எல்) அணையும், அல்லது மங்கி பார்க் லைட்டாக மாறும். இண்டிகேட்டர் போட்ட பக்கம் மட்டும் பகல் விளக்கு அணைந்து, இண்டிகேட்டர் நின்றதும் மறுபடி வரும். இண்டிகேட்டரின் ஆரஞ்சு ஒளி எடுபட வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. சில வண்டிகளில் ஹேண்ட் பிரேக் போட்டிருக்கும்வரை பகல் விளக்கு எரியாது. வண்டியைப் பூட்டிய பிறகும் சில நொடிகள் ஹெட்லைட் எரிந்தால், வீட்டு வாசல்வரை வழிகாட்டுவதற்கான வசதி அது.

ஆட்டோ நிலையில் வைத்த ஹெட்லைட் பட்டப்பகலிலும் எரிகிறதா? டாஷ்போர்டின் மேலோ முன்கண்ணாடியின் உச்சியிலோ ஒளியை உணரும் சென்சார் இருக்கும். அதன் மேல் சாமி படம், ஃபாஸ்டேக், துண்டு என ஏதாவது மறைத்திருக்கும். எடுத்துவிட்டால் போதும்.

முதல் வேலை: எது எரிகிறது, எது எரியவில்லை

எதையும் கழற்றுவதற்கு முன், வண்டியைச் சுவரைப் பார்த்து நிறுத்தி, பார்க் லைட், டிம், பிரைட், இண்டிகேட்டர், பகல் விளக்கு என்று ஒவ்வொன்றாகப் போட்டு ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பாதிப் பழுது இந்தத் தாளிலேயே பிடிபட்டுவிடும்.

ஒரு பக்கம் டிம் மட்டும் இல்லை, அதே பக்கம் பிரைட் எரிகிறது என்றால், பல்பின் டிம் இழை அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு பக்கமும் டிம் இல்லை, பிரைட் இருக்கிறது என்றால், சுவிட்ச், ரிலே, ஃப்யூஸ் மீது சந்தேகம். இரண்டு பக்க இழையும் ஒரே நேரத்தில் அறுவது அபூர்வம். அப்படி நிஜமாகவே அறுந்திருந்தால் சார்ஜிங் வோல்ட்டேஜ் எகிறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் டிம், பிரைட் இரண்டும் இல்லை என்றால் அந்தப் பக்கத்து ஃப்யூஸ், கப்ளர் (பல்பின் பின்னால் ஒயரை இணைக்கும் பிளக்), எர்த். இண்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட் துடிக்கிறது, டிம் போட்டால் பார்க் லைட்டும் மங்கலாக மினுங்குகிறது, இரண்டு இழையும் அரைகுறையாகச் சிவக்கிறது என்றால் எர்த்தில்தான் குறை. தனக்குரிய வழி அடைத்துப்போனதால் மின்சாரம் அடுத்த விளக்கின் வழியாகத் திரும்பப் பார்க்கிறது.

ஓடும்போது மட்டும் அணைந்து அணைந்து எரிகிறதா? அது லூஸ் கான்டாக்ட். பானட்டைத் திறந்து, விளக்கு எரிய, ஒயர்க் கட்டை மெதுவாக அசைத்துப் பாருங்கள். எந்த இடத்தைத் தொட்டால் துடிக்கிறதோ அங்கேதான் பழுது.

பல்பைப் பார்ப்பதும் மாற்றுவதும்

நம் ஊர்ச் சிறிய, நடுத்தரக் கார்களில் நெடுங்காலமாக இருப்பது எச்4 பல்பு. 1971இல் வந்த இந்த வடிவத்தில் ஒரே கண்ணாடிக்குள் இரண்டு இழைகள்: பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம், பிரைட்டுக்குத் தனித்தனிப் பல்பு வைத்த வண்டிகளில் எச்7 போன்றவை இருக்கும். உங்களுடையது எது என்பது பல்பின் அடிப்பாகத்தில் எழுதியிருக்கும்.

சுவிட்சை அணைத்து, கப்ளரைப் பிடுங்குங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது. கப்ளரின் பிளாஸ்டிக் உடலைப் பிடித்து அசைத்து எடுக்க வேண்டும். பின்னால் இருக்கும் ரப்பர் மூடியைக் கழற்றி, கம்பி கிளிப்பை விடுவித்தால் பல்பு கையோடு வரும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். இழை முழுதாக இருந்தால் சுருள் கம்பி நேராகத் தெரியும். அறுந்திருந்தால் நடுவே இடைவெளியும் முனையில் சிறு உருண்டையும் தெரியும். கண்ணாடியின் உட்புறம் கறுத்தோ வெள்ளி பூசியதுபோலோ இருந்தால், எரிந்தாலும் அதன் ஆயுள் முடிந்ததாகவே கொள்ளுங்கள். சந்தேகம் தீராவிட்டால் மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்துச் சோதிக்கலாம். நல்ல இழை ஒரு ஓமுக்கும் குறைவாகவோ அதை ஒட்டியோ காட்டும்.

மீட்டர் இல்லாதவருக்கு இதைவிட எளிய வழி, இடப் பக்கப் பல்பை வலப் பக்கம் மாற்றி மாட்டுவது. குறை பல்போடு கூடவே வந்தால் பல்பு கெட்டது. குறை அதே பக்கம் நின்றால் ஒயரிங் கெட்டது. காசு செலவில்லாத, ஏமாற்றாத சோதனை இது.

புதுப் பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதீர்கள். தோலின் எண்ணெய் ஒட்டிய இடம் மட்டும் அதிகம் சூடாகி, கண்ணாடி பலவீனமாகும். தப்பித் தவறித் தொட்டுவிட்டால், சுத்தமான துணியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துக் காயவிட்டு மாட்டுங்கள். பல்பின் விளிம்பில் இருக்கும் காதுகள் அதனதன் பள்ளத்தில் சரியாக உட்கார வேண்டும். ஒரு காது ஏறி நின்றாலும் ஒளி மரக்கிளைக்கோ எதிரே வருபவர் கண்ணுக்கோ போய்விடும். இரண்டு பக்கமும் ஒரே சமயம் வாங்கி மாட்டுவது நல்லது. ஒரே வயதுப் பல்புகள் என்பதால் ஒன்று போனால் மற்றதற்கும் நாள் அதிகமில்லை. வெளிச்சமும் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்கும்.

ஃப்யூஸும் ரிலேயும்

ஃப்யூஸ் பெட்டி வழக்கமாக இரண்டு இடத்தில் இருக்கும்: ஒன்று பானட்டுக்குள் பேட்டரியை ஒட்டி, இன்னொன்று டாஷ்போர்டின் கீழே. பல வண்டிகளில் இட, வல ஹெட்லைட்டுகளுக்குத் தனித்தனி ஃப்யூஸ் உண்டு. நிறத்தைப் பார்த்தே அளவு சொல்லலாம்: 7.5 ஆம்பியர் பழுப்பு, 10 சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. உள்ளே வளைந்த கம்பி அறுந்திருந்தால் அதே அளவு ஃப்யூஸை மாற்றுங்கள்.

மாற்றியதும் மறுபடி அறுந்தால், அங்கேயே நிறுத்திவிடுங்கள். எங்கேயோ ஒயர் உரசி ஷார்ட் ஆகிறது என்று அந்த ஃப்யூஸ் நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. பெரிய ஃப்யூஸ் போடுவது, வெள்ளிக் காகிதத்தைச் சுற்றிவைப்பது எல்லாம் வண்டியைக் கொளுத்தும் வேலை. ஃப்யூஸ் உருகவில்லையென்றால் ஒயர் உருகும்.

ஏரியும் வயலும் சூழ்ந்த ஊர்களில் ஷார்ட்டுக்குப் பெரிய காரணம் எலி. அறுவடைக்குப் பிறகு வயல் காயும்போது எலிகள் வீட்டுப் பக்கம் வந்து, இன்ஜின் சூட்டில் ஒண்டும். ஹெட்லைட்டுக்குப் பின்னால், பேட்டரித் தட்டின் கீழே டார்ச் அடித்துப் பாருங்கள். புழுக்கை, வைக்கோல், கடித்துத் துப்பிய பிளாஸ்டிக் துணுக்கு தெரிந்தால் அந்த வழியில் போகும் ஒவ்வொரு ஒயரையும் விரலால் தடவிப் பாருங்கள்.

ரிலேயைச் சோதிக்க எளிய வழி: ஹாரன் போன்ற வேறொன்றின் ரிலே, மேலே அச்சிட்ட எண்ணில் ஹெட்லைட் ரிலேயோடு ஒத்துப்போனால், இரண்டையும் இடம் மாற்றிப் பாருங்கள். விளக்கு எரிந்து ஹாரன் நின்றால் ரிலே கெட்டது. சுவிட்ச் போடும்போது ரிலேயில் ‘டிக்’ சத்தம் வந்தும் விளக்கு எரியவில்லை என்றால், சுவிட்சில் குறை இல்லை. ரிலேயின் உள் முனையோ அதற்கு அப்பாலுள்ள வழியோதான் குறை.

கப்ளரும் எர்த்தும்: அதிகம் ஏமாற்றும் இடம்

பல்பு நன்றாக இருக்கிறது, ஃப்யூஸ் முழுதாக இருக்கிறது, ஆனால் வெளிச்சம் மங்கல். இந்த நிலையில்தான் பலர் அதிக வாட் பல்புக்குப் போகிறார்கள். நிதானமாகக் கப்ளரைக் கையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே பித்தளை முனைகள் பளிச்சென்று இருக்க வேண்டும். பச்சையாகப் பூத்திருந்தால் ஈரம் இறங்கியிருக்கிறது. கறுத்துத் தளர்ந்திருந்தால் பிடிப்பு போய்விட்டது. பிளாஸ்டிக் பழுப்பேறி ஒரு மூலை உருகி, பல்பு முனையில் ஒட்டிக்கொண்டு வந்தால் அந்தக் கப்ளர் முடிந்தது. சுத்தம் செய்து பயனில்லை. வெப்பம் தாங்கும் பீங்கான் கப்ளர் வாங்கி, ஒயரை முறையாக க்ரிம்ப் செய்து மாட்ட வேண்டும். முறுக்கிச் சுற்றி டேப் ஒட்டினால் ஒரு மழைக்குக் கூடத் தாங்காது.

இப்போது மீட்டர். 20 வோல்ட் டிசி அளவில் வையுங்கள். முதலில் பேட்டரி: இன்ஜின் நின்றிருக்கும்போது 12.4 முதல் 12.7 வரை, ஓடும்போது ஏறக்குறைய 13.8 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். ஓடும்போது 15ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரின் ரெகுலேட்டர் கெட்டிருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எத்தனை பல்பு போட்டாலும் அறுந்துகொண்டேதான் இருக்கும்.

அடுத்து, கப்ளரைப் பல்பிலிருந்து எடுத்துவிட்டு டிம்மைப் போடுங்கள். மீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பு முனையால் கப்ளரின் மூன்று முனைகளையும் ஒவ்வொன்றாகத் தொடுங்கள். ஒன்றில் பேட்டரி அளவு காட்ட வேண்டும். பிரைட்டுக்கு மாற்றினால் இன்னொன்றில் காட்ட வேண்டும். மூன்றாவது எர்த். சில வண்டிகளில், குறிப்பாகச் சில ஜப்பானிய வழி வந்த மாடல்களில், சுவிட்ச் எர்த் பக்கத்தில் இருக்கும். பாசிட்டிவ் பொது முனைக்கு வந்து நிற்கும். அளவு குழப்பினால், மீட்டரின் இரண்டு முனைகளையும் கப்ளரின் முனைகளுக்கிடையிலேயே வைத்து, எந்த இரண்டுக்கு நடுவே 12 வருகிறது என்று பாருங்கள்.

கழற்றிய கப்ளரில் 12 காட்டுவதை மட்டும் நம்பிவிடாதீர்கள். ஒரே ஒரு நூலிழையில் தொங்கும் ஒயர்கூட மீட்டருக்கு 12 காட்டும். பல்பின் சுமை ஏறியதும் விழுந்துவிடும். ஆகவே முக்கியமான சோதனை, விளக்கு எரியும்போது செய்வதுதான். கப்ளரை மாட்டி, டிம்மைப் போட்டு, இன்ஜினை ஓடவிடுங்கள். மீட்டரின் சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில். கறுப்பு முனை கப்ளரின் பின்புறம், எரியும் இழைக்குப் போகும் ஒயரில். காட்டும் அளவு, வழியில் தொலைந்த வோல்ட்டேஜ். 0.5க்கு மேல் இருந்தால் சுவிட்ச், ரிலே, கப்ளர் எங்கோ அடைப்பு. அடுத்து, கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில், சிவப்பு முனை பல்பின் எர்த் ஒயரில். 0.2க்கு மேல் காட்டினால் எர்த் கெட்டது. எர்த் பக்கம் சுவிட்ச் உள்ள வண்டியில் அந்தச் சுவிட்சின் இழப்பும் இதில் சேரும் என்பதால் அளவு கொஞ்சம் கூடுதலாக வரலாம்.

இந்தச் சின்ன எண்ணுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்? ஹாலஜன் பல்பில் வோல்ட்டேஜ் குறையும் விகிதத்தைவிட வெளிச்சம் பல மடங்கு வேகமாகக் குறையும். பேட்டரியில் 13.8 இருந்து பல்புக்கு 12.4 மட்டும் வந்து சேர்ந்தால், தொலைந்தது 10 சதவீத வோல்ட்டேஜ். போய்விடும் வெளிச்சமோ ஏறக்குறைய 30 சதவீதம். அந்த 30 சதவீதத்தை மீட்க அதிக வாட் பல்பு வேண்டாம். துருப்பிடித்த ஒரு போல்ட்டைச் சுத்தம் செய்தாலே போதும்.

அந்த போல்ட் எங்கே? ஹெட்லைட்டிலிருந்து வரும் எர்த் ஒயரைப் பின்தொடர்ந்தால், பக்கத்துப் பாடித் தகட்டில் 10 மி.மீ. போல்ட்டில் முடியும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, போல்ட்டைத் திறந்து, வளையத்தையும் அது உட்காரும் தகட்டையும் உலோகம் பளிச்சிடும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். மறுபடி அளந்து பாருங்கள். எண் இறங்கியிருக்கும், சுவரில் வெளிச்சம் ஏறியிருக்கும்.

பகல் விளக்கு என்னும் டிஆர்எல்

பகல் விளக்கின் வேலை நமக்குச் சாலையைக் காட்டுவது அல்ல; நம்மை மற்றவருக்குக் காட்டுவது. பகலிலும் அரையிருட்டு நிலவும் வட ஐரோப்பிய நாடுகளில் பிறந்த யோசனை இது. சுவீடன் 1977இலேயே பகலில் விளக்கு எரிய வேண்டும் என்று சட்டம் போட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பிப்ரவரியிலிருந்து புது கார் மாடல்களுக்குக் கட்டாயமானது. நம் நாட்டில் 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களில் ஹெட்லைட் தானாகவே எரிவதும் இதே நோக்கத்துக்குத்தான்.

பகல் விளக்கு எரியாவிட்டால் முதலில் மேலே சொன்ன ‘பழுதே அல்ல’ பகுதியைத் திரும்பப் பாருங்கள்: ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, ஹெட்லைட்டை அணைத்து, இன்ஜினை ஓடவிட்டுச் சோதியுங்கள். திரையில் மெனு உள்ள வண்டிகளில் பகல் விளக்கை அணைத்துவைக்கும் தேர்வும் இருக்கலாம். இரண்டு பக்கமும் எரியவில்லை என்றால் ஃப்யூஸ், அதற்கடுத்து விளக்குகளை இயக்கும் மின்னணுப் பெட்டியான பாடி கன்ட்ரோல் மாட்யூல். ஒரு பக்கம் மட்டும் இல்லை என்றால் அந்தப் பக்கக் கப்ளர், எர்த், அல்லது எல்இடியை இயக்கும் டிரைவர் சர்க்யூட்.

பல்பு வைத்த பகல் விளக்கானால் பல்பை மாற்றி முடித்துவிடலாம். எல்இடியானால் பெரும்பாலும் ஹெட்லைட்டோடு சேர்த்தே மூடி ஒட்டியிருப்பார்கள். கப்ளர் வரை சரியான வோல்ட்டேஜ் வந்தும் எரியவில்லை என்றால் குறை உள்ளேதான். வரிசையில் சில எல்இடி மட்டும் அணைந்திருப்பதும், வெள்ளை நிறம் ஒரு பக்கம் மட்டும் மங்குவதும் அதே கதைதான். வாரண்டி இருக்கும்போது உடைத்துப் பார்க்காதீர்கள். வாரண்டி முடிந்திருந்தால், முழு ஹெட்லைட் வாங்குமுன், டிரைவர் மாட்யூல் தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். சென்னை புதுப்பேட்டையில் பழைய ஹெட்லைட் வாங்குவதானால், அங்கேயே 12 வோல்ட் கொடுத்து எரியவிட்டு, பின்புறப் பிடிகள் உடையாமல் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்குங்கள்.

வெளியில் வாங்கி ஒட்டிய பட்டை விளக்குகளில் வரும் தொல்லைக்குக் காரணம் பெரும்பாலும் இணைத்த விதம்தான். பேட்டரியிலிருந்தே நேராக இழுத்திருந்தால் இரவெல்லாம் மின்சாரத்தைக் குடித்து, காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. பார்க் லைட் ஒயரைக் கீறிச் சேர்த்திருந்தால், அந்தக் கீறல் வழியாக ஈரம் இறங்கிக் கம்பி பச்சை பூத்து அறும். சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஃப்யூஸிலிருந்து, தனி ஃப்யூஸும் ரிலேயும் வைத்து எடுப்பதே முறை.

மழைநீரும் மஞ்சள் படலமும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஹெட்லைட்டின் உள்ளே மெல்லிய ஆவி படர்வது இயல்பு. உள்ளும் வெளியும் காற்றுப் போய்வர அதில் சிறு துளைகள் வைத்திருக்கிறார்கள். விளக்கைப் போட்டுக்கொண்டு அரைமணி ஓட்டினால் கலைந்துவிடும். கலையாமல் சொட்டுச் சொட்டாக வழிந்து அடியில் தேங்கினால், பின் ரப்பர் மூடி சரியாக உட்காரவில்லை, அல்லது விளிம்பு விரிந்திருக்கிறது. மூடியைக் கழற்றி, வெயிலில் வைத்து உலர்த்தி, புது ரப்பர் போடுங்கள். காற்றுத் துளைகளை சிலிகான் வைத்து அடைத்துவிடாதீர்கள்; ஈரம் வெளியேற வழியே இல்லாமல் போகும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையிலும் திருவள்ளூர் மாவட்டத்திலும் ஏராளமான வண்டிகள் நீரில் நின்றன. அப்படி பம்பர் உயரத்துக்கு நீர் ஏறிய வண்டியில், விளக்கு எரிகிறதே என்று விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு கப்ளரையும் திறந்து, கான்டாக்ட் கிளீனர் அடித்துக் காயவைக்காவிட்டால் சில மாதங்களில் பச்சை பூத்து, ஒன்று மாற்றி ஒன்று கெடும்.

கண்ணாடிபோல் தெரியும் முன்பகுதி உண்மையில் பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். வருடக்கணக்கில் வெயிலில் நின்றால் மேல்பூச்சு போய் மஞ்சள் படலம் படரும். லாரிகள் கிளப்பும் புழுதியும் மணலும் அதைக் கீறும். சுற்றிலும் பெயின்ட்டில் டேப் ஒட்டி மறைத்து, தண்ணீர் விட்டுக்கொண்டே 800, 1500, 2000, 3000 என்று வாட்டர் பேப்பரை மாற்றி மாற்றித் தேயுங்கள். ஒவ்வொரு எண்ணிலும் முந்தைய கீறல்கள் மறைந்த பிறகே அடுத்ததற்குப் போக வேண்டும். பிறகு பாலிஷ், கடைசியாக புற ஊதாக் கதிர் தாங்கும் கிளியர் கோட். கடைசிப் பூச்சை விட்டுவிட்டால் சீக்கிரமே மறுபடி மஞ்சளாகிவிடும். பற்பசை கொண்டு தேய்ப்பது சில நாளுக்குப் பளபளப்பு தரும், அவ்வளவுதான்.

சுவரில் ஒளியைத் திருத்துவது

பல்பு மாற்றிய பிறகும், முன்பக்கம் இடிபட்ட பிறகும் இதைச் செய்தே ஆக வேண்டும். டயரில் காற்றைச் சரிபார்த்து, ஓட்டுநர் இருக்கையில் ஒருவரை உட்காரவைத்து, சமதளத்தில் சுவரிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நேராக நிறுத்துங்கள். டாஷ்போர்டில் ஒளியை ஏற்றி இறக்கும் திருகு இருந்தால் 0இல் வையுங்கள். தரையிலிருந்து பல்பின் நடு உயரத்தை அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடு போடுங்கள். அதற்கு 5 செ.மீ. கீழே இன்னொரு கோடு. டிம்மைப் போட்டால் வெளிச்சத்தின் மேல் விளிம்பு கீழ்க் கோட்டில் நிற்க வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுவதால் இடது ஓரத்தில் மட்டும் அது சற்று மேலேறும். 10 மீட்டர் இடம் இருந்தால் 10 செ.மீ. இறக்குங்கள். ஹெட்லைட்டின் பின்னுள்ள திருகை அரைச் சுற்றாகத் திருப்பிச் சரிசெய்யலாம்.

டிக்கி நிறையச் சுமையோடு போகும்போது வண்டியின் மூக்கு மேலே தூக்கும். அப்போது டாஷ்போர்டு திருகை 2 அல்லது 3க்கு மாற்றுங்கள். அந்தத் திருகை ஒருமுறைகூடத் தொடாதவர்கள் நிறைய.

அதிக வாட், எல்இடி, சட்டம்

100/90 வாட் பல்பு, 60/55க்காகச் செய்த ஒயரில் ஒன்றரை மடங்குக்கும் அதிகமான மின்சாரத்தை ஓடவைக்கும். கப்ளர் உருகுவதும் சுவிட்ச் தீய்வதும் பெரும்பாலும் இதனால்தான். ஹாலஜனுக்கான கூட்டில் எல்இடி பல்பைச் செருகினால் வேறு தொல்லை: கூட்டின் உள்வளைவு, இழை இருக்கும் அந்த ஒரு புள்ளியைக் கணக்கிட்டு வார்த்தது. ஒளி வேறு இடத்திலிருந்து புறப்பட்டால் சிதறும். ஓட்டுபவருக்கு பம்பர் முன்னால் பளிச்சென்று தெரியும்; தூரம் தெரியாது; எதிரே வருபவருக்குக் கண் கூசும்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989இன்படி, 8 மீட்டர் தள்ளி 1.5 மீட்டர் உயரத்தில் கண் இருக்கும் எவரையும் கூசவைக்காதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதி இல்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம்வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அபராதம் ஒருபுறம் இருக்கட்டும். கூசிய கண் பார்வைக்குத் திரும்புவதற்குள் எதிர் வண்டி பல மீட்டர் ஓடிவிடுகிறது. அந்த இடைவெளியில் சாலையோரம் நடந்துபோகிறவருக்கு எந்தப் பாதுகாப்பும் இல்லை.

எப்போது எலக்ட்ரீஷியனிடம் போவது

ஃப்யூஸ் திரும்பத் திரும்ப அறுந்தால்; காம்பினேஷன் சுவிட்ச் சூடாகிக் கருகல் வாடை வந்தால்; ஏர்பேக் ஒயரைத் தாண்ட வேண்டியிருந்தால்; ஜெனானோ மூடிய எல்இடியோ என்றால்; ஸ்கேனர் மாட்டித்தான் பிழைக் குறியீடு பார்க்க முடியும் என்றால். அப்போதும் உங்கள் தாளை எடுத்துப் போங்கள். “லைட் எரியலைங்க” என்று சொல்வதற்கும், “வலப் பக்கம் டிம் மட்டும் மங்கல், பல்பு மாத்திப் பாத்தாச்சு, எர்த்துல 0.9 வோல்ட் காட்டுது” என்று சொல்வதற்கும் கூலியிலேயே வித்தியாசம் தெரியும். நல்ல எலக்ட்ரீஷியன் அந்தத் தாளை மதிப்பார்.

மாதம் ஒருமுறை

1. எல்லா விளக்கையும் சுவரைப் பார்த்துப் போட்டுச் சரிபாருங்கள்.
2. முன்பகுதியை ஈரத் துணியால் துடையுங்கள்; காய்ந்த புழுதி மேல் உலர்ந்த துணி போட்டால் கீறும்.
3. பானட்டுக்குள் எலித் தடயம் பாருங்கள்.
4. பேட்டரி முனைகளில் வெள்ளைப் பூ இருந்தால் வெந்நீர் ஊற்றிக் கழுவி, ஜெல்லி தடவுங்கள்.
5. வடகிழக்கு மழை தொடங்குமுன், புரட்டாசியிலேயே கப்ளர், எர்த் போல்ட், ரப்பர் மூடி மூன்றையும் ஒருமுறை திறந்து பாருங்கள்.
6. ஒரு ஜோடி பல்பும் நான்கு ஃப்யூஸும் டாஷ்போர்டு அறையில் எப்போதும் இருக்கட்டும்.

விளக்கு எரிந்தபோது எடுத்த அளவுகளையும் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதிவையுங்கள். வண்டி நன்றாக இருக்கும்போது எர்த்தில் 0.1 வோல்ட் இருந்தது என்று தெரிந்தால்தான், பின்னால் ஒருநாள் 0.4 காட்டும்போது அது எச்சரிக்கை என்று புரியும். விளக்கு முழுதாக அணைந்த பிறகு பழுது பார்ப்பவர் நடுவழியில் நிற்பார்; எண்ணைக் கவனிப்பவர், அணையும் முன்பே சரிசெய்து வீடு போய்ச் சேருவார்.